புகழ்ப் புள்ளியும் புதியோரும்

ஓர் அவையின் தகைமையை அறிய விரும்புவோர் அதன் உயர்ந்த இருக்கைகளை நோக்குதல் வழக்கம். அங்கே வீற்றிருப்போர் யாவர், அவர் கற்ற நூல்கள் எவை, பெற்ற பட்டங்கள் எவை என வினாவுதல் எளிது. ஆயின், அவையின் இயல்பு தெளிவாகப் புலப்படும் இடம் அதன் வாயிலேயாம். முறையறியாது, இருக்குமிடந் தெரியாது, முதன்முறையாக வாய்திறக்கும் ஒருவனை அவ்வவை எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்பதைக் கொண்டே அதன் அறிவு மேலும் வளருமா, தேங்குமா என்பதைத் துணிதல் கூடும்.

இக்காலத்தில் அறிவாளர் கூடும் அவைகளுட் பல இணையத்தில் அமைந்துள்ளன. அங்கு ஒருவரையொருவர் முகங்கண்டு அறிதல் இல்லை. ஆதலின், இன்னார் இத்தகையார் என்பதை எண்களாற் காட்டும் வழக்கம் தோன்றிற்று. ஒருவர் எழுதியதைப் பிறர் நன்றென ஒப்பின் அவர் பெயருக்குப் புள்ளி ஏறும். தீதென மறுப்பின் இறங்கும். இதனை நன்மதிப்பு முறை என்பர். இம்முறை புதியோரை எங்ஙனம் நடத்துகின்றது, அதன் குறை யாது, அக்குறையால் விளைவது யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புள்ளிமுறை தோன்றுதற்கு முன்னரே இச்சிக்கல் தோன்றிவிட்டது. 1979 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவராற் கருதப்பட்டு 1980 இல் நடைமுறைக்கு வந்த யூஸ்நெட் என்னும் உரையாடல் வலையில், ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதத்திற் புதிய மாணவர் வந்து புகுவர். வழக்கறியாது அவர் எழுதுவன பழையோருக்கு எரிச்சலூட்டும். சில வாரங்களில் அவர் முறை பயின்றுகொள்வர், அன்றேல் விலகிவிடுவர். 1993 ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் அமெரிக்கா ஒன்லைன் போன்ற வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு அவ்வலையின் கதவைத் திறந்துவிட்டன. அதன்பின் புதியோர் வருகை ஒரு மாதத்தோடு ஓயவில்லை. அக்காலத்தைப் பழையோர் 'முடிவுறாச் செப்டெம்பர்' எனப் பெயரிட்டழைத்தனர். அப்பெயருள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஆண்டுக்கொருமுறை வந்த புதியோரும் தொடர்ந்து வந்த புதியோரும் அறியாமையில் ஒரே தன்மையரே. வேறுபட்டது தொகை. பயிற்றுவோர் சிலராகவும் பயில்வோர் பலராகவும் ஆனபோது, பொறுமை செய்துவந்த வேலையை எண்ணிடம் ஒப்படைக்கும் தேவை எழுந்தது.

ஐயுறுதலின் நியாயம்

புதியோனை ஐயுறுதல் முழுவதும் குற்றமாகாது. திருக்குறள் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரமே வகுத்தது. ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் ஒருங்கே தீது என்பது அதன் கருத்து. இணையத்தில் இவ்வாராய்ச்சி பின்னும் கடினமாகின்றது. பொதுநிலத்தில் ஒருவன் பெயர்கெட்டால் அக்கேடு அவனைத் தொடரும். இணையத்திலோ கெட்ட பெயரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொரு பெயருடன் மறுநாள் வரலாம். 2001 இல் எரிக் ஃப்ரீட்மன், போல் ரெஸ்னிக் என்னும் இரு ஆய்வாளர் இதனைப் பொருளியல் முறையால் ஆராய்ந்து காட்டினர். பெயர் மலிவாகக் கிடைக்குமிடத்துப் புதியோன் நல்லவனாயினும், பெயர் மாற்றிவந்த தீயவனாயினும், பழையோர் கண்ணுக்கு ஒன்றே. ஆகவே புதியோர் யாவரும் சிறிது காலம் நம்பிக்கைக் குறைவைச் சுமந்தே தம்மை நிலைநாட்ட வேண்டியுள்ளது. பிறர் செய்த ஏமாற்றத்திற்கு நல்லோர் செலுத்தும் வரி இது.

இவ்வரியின் அளவை ஒரு சோதனை மதிப்பிட்டது. ஈபே என்னும் ஏலச்சந்தையில் நற்பெயர் பெற்ற பழைய அஞ்சலட்டை வணிகர் ஒருவர், ஒத்த பொருள்களைத் தம் பழைய பெயரிலும், புதிதாகத் தொடங்கிய பெயர்களிலும் விற்றார். ரெஸ்னிக்கும் அவர் துணைவரும் 2006 இல் வெளியிட்ட முடிவின்படி, பழைய பெயருக்கு வாங்குவோர் தர முன்வந்த விலை புதிய பெயர்களுக்குத் தர முன்வந்ததைவிட 8.1 வீதம் மிகுந்திருந்தது. விற்றவர் ஒருவரே, பொருளின் தரமும் ஒன்றே, பெயரின் பழைமை மட்டுமே வேறு. இங்கு நாம் கருதத்தக்கன இரண்டு. ஒன்று, புதியோன் இழப்பது அளவுக்குட்பட்டது. சில விற்பனைகளின்பின் நீங்குவது. மற்றொன்று, பழைய வணிகர்க்குத் தம் நற்பெயரால் நல்விலை கிடைத்ததேயன்றிப் புதிய வணிகன் கடையை மூடும் அதிகாரம் கிடைக்கவில்லை. நன்மதிப்பு அங்குச் சான்றாக நிற்கின்றது, பதவியாக மாறவில்லை. இவ்வேறுபாட்டையே இவ்வாராய்ச்சியின் உரைகல்லாகக் கொள்வோம்.

கன்மம் என்னும் பெயர்

1997 இல் தொடங்கிய ஸ்லாஷ்டொட் என்னும் தளமும், 2005 இல் தொடங்கிய ரெடிட் என்னும் தளமும் தம் மதிப்புப் புள்ளிக்குக் 'கர்மா' என்று பெயரிட்டுள்ளன. நம்மவர்க்கு இச்சொல் புதிதன்று. சைவசித்தாந்தம் கன்மத்தைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படுத்தும். வினை செய்தவனையே சாரும். வினை சடமாதலின் அதன் பயனைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பது அந்நூல்களின் துணிபு. இத்தளங்களிலோ பயனைக் கூட்டுவிப்போர் அவ்வழிச் செல்லும் வாசகர். அவர் கண்ணிற் படாத நல்வினைக்குப் பயனில்லை. அவர் நகைக்கும் ஒரு சொல்லுக்குப் பெரும்பயன் உண்டு.

பெயர்ப்பொருத்தம் பற்றிய வழக்காக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. கன்மம் என்ற பெயர் எண்ணுக்கு ஓர் அறநிறத்தை ஊட்டிவிடுகின்றது. மிக்க புள்ளியுடையோன் நல்லோன் எனவும், புள்ளியில்லாதோன் தகுதியில்லாதோன் எனவும் கருதும் மயக்கம் இதனால் எழும். உண்மையில், புதியோன் கணக்கிற் காணப்படும் சுழி அவன் நல்வினை செய்யாமையைக் குறிப்பதன்று. அவ்வவை அவனை அறியாமையைக் குறிப்பது. அவையின் அறியாமையை வந்தவன் குறையாகப் படித்தலே நன்மதிப்பு முறையின் முதற்பிழை.

இப்பிழையை இரு தளங்களும் இருவேறு வகையிற் கையாண்டன. ரெடிட்டின் உட்குழுக்கள் பல, குறித்த அளவு புள்ளியும் கணக்கின் வயதும் இல்லாதோர் அங்கு எழுதுதலைத் தடுக்கின்றன. விளம்பரக்காரரை விலக்குதற்கு இது பயன்படும் என்பது மெய்யே. ஆயினும், எழுதினாலன்றிப் புள்ளியில்லை, புள்ளியிருந்தாலன்றி எழுத்தில்லை என்ற நிலையிற் புதியோன், தனக்கு வேண்டிய குழுவை விட்டு வேண்டாத இடங்களில் வெற்றுரை எழுதிப் புள்ளி திரட்டப் புறப்படுகின்றான். தரங்காக்க எழுந்த விதி தரமிலா எழுத்தைப் பெருக்குகின்றது.

ஸ்லாஷ்டொட் மேற்கொண்ட வழி பெரிதும் நுட்பமானது. அங்கு மதிப்பிடும் உரிமை தகுதியுடைய வாசகருட் சிலருக்கு அவ்வப்போது வழங்கப்படும். அதுவும் சில புள்ளிகளளவே. சில நாளிற் கழிந்துவிடும். ஓர் உரையாடலில் மதிப்பிட்டவர் அதே உரையாடலில் வழக்காடுதலும் ஆகாது. காலப்போக்கிற் கர்மாவுக்கு 50 என்ற உச்சவரம்பு வகுத்து, எண்ணை மறைத்து, 'நன்று' 'மிக நன்று' என்றாற்போன்ற சொற்களால் அதனைக் காட்டினர். நடுவனாதல் சிறுபொழுதுப் பணியென்றும் எவர்க்கும் நிலையான உடைமையன்றென்றும் கொண்டமையே இவ்வமைப்பின் சிறப்பு.

வினாவின் இரு முகம்

இனி, அறிவுத்தளங்களுட் பெரும்பயன் விளைத்ததும், புதியோரை நடத்தும் முறைபற்றி மிகுதியாகப் பழிக்கப்பட்டதுமாகிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை நோக்குவோம். கணினி நிரல் எழுதுவோர் வினா விடுத்து விடை பெறுதற்காக ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்பொல்ஸ்கி என்போர் 2008 இல் இதனைத் தொடங்கினர். அதன் நன்மையை முதலிற் கூறுதல் கடன். சிதறியும், கட்டணத்துள் மறைந்தும் கிடந்த தொழிலறிவை அது யாவரும் படிக்கவும் உரிமத்துக்கமையப் பயன்படுத்தவும் தக்கவாறு ஓரிடத்தில் திரட்டித் தந்தது. ஊதியம் பெறாத பல்லாயிரவர் அவ்வுழைப்பைச் செய்தனர். 2018 சனவரியில் ஜொன் ஸ்கீட் என்னும் ஒருவர் 10 இலட்சம் புள்ளியை முதன்முதல் எட்டினார். அவ்வெண்ணுக்குப் பின்னால் உள்ளது பிறர் ஐயந் தீர்த்த உழைப்பே.

ஆயின், இங்கு நன்மதிப்பு சான்று என்ற எல்லையைக் கடந்து பதவியாகிவிட்டது. புதியோன் 1 புள்ளியுடன் நுழைகின்றான். 15 புள்ளி பெற்றபின் பிறரை ஆதரித்து வாக்களிக்கலாம். 50 பெற்றபின் பிறர் இடுகையின் கீழ்க் கருத்துரைக்கலாம். 125 பெற்றபின் மறுத்து வாக்களிக்கலாம். 2,000 பெற்றபின் பிறர் எழுத்தைத் தன் பொறுப்பிலே திருத்தலாம். 3,000 பெற்றபின் பிறர் வினாவை மூடுதற்கு வாக்களிக்கலாம். இப்படிமுறையின் விந்தை ஒன்றுண்டு. முதல்நாளே விடை எழுதலாம். ஆனால், ஒரு விடையிற் புரியாத பகுதியை அதன் கீழே கேட்க 50 புள்ளி வேண்டும். ஐயத்தைக் கேட்க வேறு வழியின்றி அதனை விடையாக எழுதிய புதியோரின் எழுத்து முறைகேடென நீக்கப்படுகின்றது. அறிந்தவனாக நடிக்க அனுமதியுண்டு. அறியாதவனாகக் கேட்கத் தகுதி வேண்டும் என்பதே இதன் பொருளாகின்றது.

மற்றொரு விதி இதனினும் ஆழமானது. ஒருவர் விடையை மறுத்து வாக்களிப்பவர் தம் புள்ளியுள் 1 இழப்பர். சிந்தியாது மறுத்தலைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால், 2011 முதல் வினாவை மறுத்து வாக்களித்தற்கு அவ்விழப்பு இல்லை. புதியோர் பெரும்பாலும் வினாவொடு வருவோர். பழையோர் பெரும்பாலும் விடையொடு நிற்போர். ஆகவே, பழையோரை மறுத்தற்கு விலையுண்டு. புதியோரை மறுத்தல் இலவசம். எவரும் தீய எண்ணத்துடன் இதனை வகுத்திலர். பெருகிவந்த தரமற்ற வினாக்களை ஒதுக்கவே வகுத்தனர். எனினும் விதியின் நோக்கம் வேறு, அது பயிற்றும் பழக்கம் வேறு.

இத்தளத்தில் ஒரு வினாவுக்கு இரு முகம் உண்டு. கேட்பவனுக்கு அது ஒரு மனிதனிடம் கேட்கும் உதவி. பழையோனுக்கு அது நூலகத்துட் சேரவேண்டிய ஓர் ஏடு. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். கணினியில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டி 0.3 ஆகின்றதா என வினவினால், பல நிரல்மொழிகள் 'இல்லை' என்று விடைதரும். கணினி இரண்டடியெண் முறையிற் கணித்தலின், நம் பதின்மத்திற் சுருங்க முடியும் 0.1 அங்கு முடிவுறாது நீளும். ஓரிடத்தில் வெட்டிக் கொள்ளவே சிறுவழு நேரும். இவ்விளக்கம் அத்தளத்திற் பல்லாண்டுக்கு முன்பே செவ்வனே எழுதப்பட்டுள்ளது. தன் கணக்குப் பட்டியலின் கூட்டுத்தொகை ஏன் ஒவ்வாதுபோயிற்று எனத் திகைக்கும் மாணவனோ தன் நோயின் பெயரை அறியான். பெயரை அறிந்தானாயின் தேடியே கண்டிருப்பான். தேடுதற்குரிய சொல்லை அறிந்தவன் பாதி விடையை அறிந்தவனன்றோ? பழையோர், 'இது முன்பே கேட்கப்பட்டது' எனச் சுட்டி வினாவை மூடுகின்றனர். நூலக நோக்கில் அது செம்மையான செயல். ஒரே ஏட்டுக்கு நூறு படி வேண்டுவதில்லை. ஆயின், கேட்டவனுக்கோ அது, தான் வந்தது பிழை என்னும் தீர்ப்பாகப் படுகின்றது.

இருவர் மேலும் குற்றமில்லை. இரு முகங்களையும் ஒருங்கே காட்டி இருவரையும் இணைத்தற்கு இடையே ஆளில்லாமையே குற்றம். விடை எழுதினாற் புள்ளியுண்டு. தீய வினாவை விரைந்து மூடினால் தளந் தூய்மையாகும். வினாவை எங்ஙனம் கேட்டல் வேண்டும் எனப் புதியோன் அருகிலிருந்து பயிற்றும் பொறுமைக்கோ யாதொரு புள்ளியுமில்லை. எண்ணப்படாத உழைப்பு நாளடைவிற் செய்யப்படாத உழைப்பாகிவிடும்.

உபசாரமும் பணியும்

2018 ஏப்ரிலில் அந்நிறுவனத்தின் மேலாளருள் ஒருவராகிய ஜே ஹன்லன், புதியோரும் பெண்களும் பிறரிற் பலரும் அத்தளத்தை அன்பற்ற இடமாக உணர்கின்றனர் என்றும், அந்நிலை மாறவேண்டும் என்றும் வெளிப்படையாக எழுதினார். அவ்வாண்டிலேயே புதிய நடத்தைநெறி வகுக்கப்பட்டது. புதியோர் இடுகையருகே 'இவர் புதியவர்' என உணர்த்தும் குறியும் இடப்பட்டது. 2019 இல், நல்ல வினா பெறும் ஆதரவு வாக்கொன்றின் புள்ளி 5 இலிருந்து 10 ஆக உயர்த்தப்பட்டு விடைக்கு நிகராக்கப்பட்டது. இவை பாராட்டத்தக்கன. எனினும், இவற்றுட் பெரும்பகுதி உபசாரம் பற்றியவை. 'அன்பாயிருங்கள்' எனச் சோர்ந்திருக்கும் காவலனுக்குக் கட்டளையிடுவதால் வாயிலில் ஆசிரியன் தோன்றிவிடுவதில்லை.

விக்கிப்பீடியாவின் வரலாறு இதனை வலியுறுத்தும். 2001 இல் தோன்றிய அக்கலைக்களஞ்சியத்திற் புகழ்ப்புள்ளி இல்லை. புதியோரைக் கடிந்து துரத்தாதீர் என்னும் வழிகாட்டியும் நெடுங்காலமாக உண்டு. ஆயினும், 2007 இன்பின் ஆங்கில விக்கிப்பீடியாவிற் செயலூக்கமுள்ள தொகுப்பாளர் தொகை குறையலாயிற்று. ஆரன் ஹால்ஃபேக்கரும் பிறரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, நன்னோக்குடன் வருவோர் விகிதம் பெரிதும் குறையவில்லை என்றும், அழிவேலையைத் தடுக்க அமைத்த விரைவுக் கருவிகள் அவர்தம் முதல் முயற்சிகளையும் தள்ளிவிடுவதே அவர் நீங்குதற்கு முதன்மையான காரணம் என்றும் காட்டியது. ஆகவே, எண்ணை நீக்கினாற் குறை நீங்கிவிடும் என்பார் கூற்றும் பொருந்தாது. 2012 இல் அங்குத் 'தேநீரகம்' என ஓரிடம் அமைத்துப் புதியோரை அழைத்து, அவர் வினாக்களுக்குப் பழையோர் விடைகூறத் தொடங்கினர். அவ்வழைப்புப் பெற்றோர் பெறாதோரினும் மிகுதியாக நிலைத்தனர் எனப் பின்வந்த ஆய்வு காட்டிற்று. விதி அங்கு முன்பே இருந்தது; பின்னர் வந்தது பணியாள்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலும் இத்தகைய சோதனையொன்று ஒரு மாதகாலம் நடைபெற்று, 2018 இல் டெனே ஃபோர்டும் பிறரும் எழுதிய ஆய்வாக வெளிவந்தது. வினாவெழுத முற்பட்ட புதியோர், அதனை வெளியிடுமுன் ஓர் உதவியறைக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பழகியவர் வினாவின் வரைவைப் பார்த்துத் திருத்தம் கூறினர். அவ்வாறு திருத்தம் பெற்ற வினாக்களின் சராசரி மதிப்பு, பெறாதவற்றினும் 50 வீதம் உயர்ந்திருந்தது. இம்முடிவு நம் வாதத்திற்கு இன்றியமையாதது. புதியோரிடம் பரிவு காட்டினால் தரம் தாழும் என அஞ்சுவோர் உளர். இச்சோதனையில் தரம் உயர்ந்தது. தரமும் பரிவும் பகையென்பது, பரிவைக் கண்டிப்பின்மையாகக் கருதுவோர் மயக்கமே.

நன்னூலார் தம் பொதுப்பாயிரத்தில் மாணாக்கர் பாடங்கேட்கும் முறையைக் கூறியதனோடு அமையவில்லை. ஆசிரியர் பாடஞ்சொல்லும் முறையையும் தனியே வகுத்தார். கேட்போன் பணிவுக்கு விதியுண்டெனின், சொல்வோன் பொறுமைக்கும் விதியுண்டு. மேற்கூறிய தளங்கள் வினா எழுதுவோனுக்கு நெடிய விதிகளை வகுத்தன. ஏற்போனுக்கு வகுத்தவை மிகச் சில. கோடன்மரபு மட்டும் எழுதி ஈதலியலை எழுதாது விட்ட இலக்கணம் என அவற்றைக் கூறலாம்.

விளைவு

இவ்வாராய்ச்சியின் பயன் சில தளங்களின் நடத்தையளவில் அடங்குவதன்று. 2022 நவம்பரிற் சட்ஜிபிடி என்னும் உரையாடு பொறி வெளிவந்தது. அதன்பின் 6 மாதத்துள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் செயற்பாடு ஏறத்தாழ 25 வீதம் குறைந்தது என 2024 இல் வெளிவந்த ஓராய்வு மதிப்பிட்டது. பொறியின் விரைவும் எளிமையுமே இதற்குப் பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், விலகிச் சென்றோருட் பலர் வருந்தாது சென்றமைக்கு அவர் பெற்ற வரவேற்பும் காரணமாதல் கூடும். பொறி கடிந்துரையாது, 'முன்பே கேட்கப்பட்டது' என மூடாது, கேட்டவன் புள்ளியையும் பாராது.

இதிற் புதியோன் பெற்றது பெரிது. எல்லோரும் இழந்தது அதனினும் பெரிது. பொறிக்குரைத்த வினா தனியறையில் முடிந்துவிடும். அதன் விடையிற் பிழையிருப்பின் வழிச்செல்லும் வல்லுநன் திருத்தான். நாளை அதே இடர்ப்பாட்டில் வருவோன் அதனைக் காணான். அப்பொறிகள் தாமும் மாந்தர் வெளிப்படையாக எழுதிவைத்த வினாவிடைகளிற் பயின்றே வல்லமை பெற்றன. புதிய நிரல்மொழியும் புதிய கருவியும் தோன்றுங்கால், அவற்றின் முதல் ஐயங்களை ஊரறியக் கேட்போர் வேண்டும். அவ்வாறு கேட்போர் எப்பொழுதும் புதியோரே. பழையோர் தம் ஐயங்களைத் தாமே தீர்த்துக்கொள்வர். புதியோன் வராத நூலகத்திற் பழைய ஏடுகள் செம்மையாக அடுக்கப்பட்டிருக்கும். புதிய ஏடு ஒன்றும் சேராது.

ஆகவே, நன்மதிப்பு முறையைப் பற்றி நாம் துணிவன இவை: பிறர் உழைப்பை எண்ணிப் போற்றுதல் தக்கதே. அவ்வெண் நம்பிக்கைக்குச் சான்றாக நிற்குமளவும் நன்று. அது புதியோன்மேற் செலுத்தும் அதிகாரமாகுமாயின், அவ்வதிகாரத்திற்குக் கால எல்லையும் விலையும் வேண்டும். எல்லாவற்றினும் மேலாகப் பயிற்றும் உழைப்பும் அவ்வெண்ணுள் அடங்கல் வேண்டும். கல்லூரிகள் ஒவ்வோராண்டும் கீழ்வகுப்பிற் புதிய மாணவரைச் சேர்த்துக்கொள்கின்றன. அவருட் பலர் முதல்நாள் கேட்கும் வினாக்கள் முன்னரும் பல்லாண்டு கேட்கப்பட்டவையே. அவற்றிற்கு மீண்டும் முதலிலிருந்து விடைகூறும் ஆசிரியர் உள்ளவரையே அக்கல்லூரிகள் கல்லூரிகளாக நிலைக்கும். இணைய அவைகளுக்கும் விதி இதுவே.